கால் பங்கு வண்ணம்

தாம்பரத்தைக் கடந்து தெற்கே போகிறவர்கள் பெருங்களத்தூரைப் பெரும்பாலும் ஒரு காத்திருப்பாகவே அறிவார்கள். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்படும் வரை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் புறப்பட்ட சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளோடு நின்றிருந்த இடம் அது. அந்த ஊருக்கு ஒரு மோட்டார் வண்டிச் சரித்திரம் உண்டு என்பதையும், அந்தச் சரித்திரம் ஒரு சிறிய, விசித்திரமான கணக்கில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கு இதுதான்: ஒரு வண்டிக்கு மறுபடியும் வண்ணம் பூசினால், அந்தச் செலவில் பொருளின் பங்கு எவ்வளவு? உழைப்பின் பங்கு எவ்வளவு?

கேள்வி எளியதாகத் தோன்றும். கடையில் வாங்கிய டப்பாக்களின் ரசீதைக் கூட்டினால் போயிற்று என்று நாமும் எண்ணினோம். உண்மையில் இந்தக் கேள்விக்கு அரசு ஒரு விடையும், நீதிமன்றம் ஒரு விடையும், காப்பீட்டு நிறுவனம் ஒரு விடையும் வைத்திருக்கின்றன. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

ஹெரால்டு பிறந்த ஊர்

இன்று பெருங்களத்தூரில் ஸ்ரீராம் கேட்வே என்ற பெயரில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் நிலத்தில், ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கூட்டுறவோடு 1948-இல் அமைக்கப்பட்ட நிறுவனம். முதலில் வேன்கார்டு, பிறகு டென், பென்னன்ட், 1961 முதல் ஹெரால்டு. அம்பாசடரும் ஃபியட்டும் மட்டுமே கார் என்றிருந்த நாட்களில், மதராசின் பங்களிப்பு ஹெரால்டுதான். ஆங்கிலேய நாட்டில் இரண்டு கதவுகளோடு பிறந்த அந்த வண்டிக்குப் பின்னாளில் நான்கு கதவுகள் வைத்த பெருமையும் பெருங்களத்தூருக்கே உரியது. 1972-இல் கெஸல் வந்தது. கடைசியாக, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000. வெளித்தோற்றம் ரோவர் எஸ்.டி.1 என்னும் நவீன ஆங்கிலக் காருடையது; உள்ளே துடித்த இதயமோ பழைய வேன்கார்டின் எஞ்சின். விலை மிகுதி, எரிபொருள் செலவு மிகுதி. 1988-இல் உற்பத்தி நின்றது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த பின்னர், 2006-இல் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் சொத்துகள் விற்கப்பட்டன. அங்கே குவிந்து கிடந்த ரோவர் உதிரி பாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற நிறுவனம் மொத்தமாக வாங்கிக்கொண்டு போயிற்று. இங்கிலாந்திலிருந்து வந்த வடிவம் இங்கிலாந்துக்கே திரும்பிச் சென்றது.

தொழிற்சாலை போய்விட்டாலும், அது விட்டுச்சென்ற ஹெரால்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. சில இன்னும் ஓடுகின்றன. உற்பத்தி நின்றுபோன ஒரு வண்டியை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு டிங்கரிங் கடைகளுக்கும் பெயிண்டர்களுக்கும் வந்து சேர்கிறது. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரியும் தெருக்களில், தகரக் கொட்டகைகளின் கீழ், கம்ப்ரசர் ஓசையோடு நடக்கும் அந்தத் தொழிலைத்தான் இனி நாம் பார்க்கப்போகிறோம்.

டப்பாவில் இருப்பது என்ன?

மோட்டார் வண்டிக்கு முன்பு குதிரை வண்டி இருந்தது. மதராசில் 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகள் கட்டத்தான் தொடங்கியது. அந்நாளில் வண்ணம் தூரிகையால் பூசப்பட்டது. ஆளி விதை எண்ணெயும் பிசினும் கலந்த வார்னிஷ். ஒரு பூச்சு காய்ந்தபின் தேய்த்து, அதன்மேல் மறு பூச்சு. ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். பொருள் மலிவு, காலம் அதிகம். அந்தக் காலத்தில் 'பொருள் எவ்வளவு, உழைப்பு எவ்வளவு' என்று யாரேனும் கேட்டிருந்தால், உழைப்பே எல்லாம் என்று சொல்லியிருப்பார்கள்.

1923-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 'டூகோ' என்ற பூச்சை அறிமுகப்படுத்தியது. பஞ்சிலிருந்து கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்துச் செய்த லேக்கர் அது. விரைவில் காயும், துப்பாக்கி போன்ற கருவியால் தெளிக்கலாம். வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்டு கார்கள் நீல நிறத்தில் வெளிவந்தன; கறுப்பைத் தவிர வேறு நிறம் தராதிருந்த ஃபோர்டின் காலம் முடிவுக்கு வந்தது. அந்தப் பெயர் நம் ஊரில் எவ்வளவு ஊன்றிவிட்டது என்றால், இன்றும் மர அலமாரிக்குத் தெளித்துப் பூசுவதைக்கூட 'டூகோ பெயிண்ட்' என்றே தச்சர்கள் சொல்கிறார்கள். பட்டறை மொழியில் அதுவே 'என்.சி.'.

என்.சி. பூச்சில் காலம் மிச்சமாயிற்று. ஆனால் பொருள் காற்றில் போகத் தொடங்கியது. இதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு லிட்டர் என்.சி. வண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு கெட்டிப் பொருள் என்று வைத்துக்கொள்வோம். தெளிப்பதற்கு ஏற்ற பதம் வர, ஏறத்தாழ ஒரு லிட்டர் தின்னர் சேர்க்க வேண்டும். ஆக, விலை கொடுத்து வாங்கியது இரண்டு லிட்டர். பழைய வகைத் தெளிப்பானிலிருந்து புறப்படும் வண்ணத்தில் கால்வாசியிலிருந்து மூன்றிலொரு பங்கு வரைதான் தகட்டில் படியும். எஞ்சியது புகைபோல் பறந்துவிடும். மூன்றிலொரு பங்கு என்றே தாராளமாகக் கொண்டாலும், வண்டியில் தங்கும் கெட்டிப் பொருள் ஒரு லிட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 110 மில்லி லிட்டர். அதையும் வாட்டர் பேப்பரால் தேய்த்து, காம்பவுண்டு போட்டு மெருகேற்றும்போது இன்னும் கொஞ்சம் குறையும்.

"வண்டியில நிக்கிறது கொஞ்சந்தான் சார், காத்துல போறதுதான் ஜாஸ்தி" என்று ஒரு பெயிண்டர் நம்மிடம் சொன்னபோது மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தோம். மேற்கண்ட கணக்கைப் போட்டுப் பார்த்தபின் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டோம்.

தொழிற்சாலையில் இந்தச் சிக்கல் வேறு விதம். அங்கே வெறும் உலோகக் கூடு மட்டும் இருப்பதால், அதை மின்பூச்சுத் தொட்டியில் முழுதாக அமிழ்த்தலாம். 140 டிகிரிக்கு மேல் சூளையில் சுடலாம். பெருங்களத்தூருக்குத் தெற்கே மறைமலைநகரில் 2022 வரை கார் செய்த ஃபோர்டு ஆலையும், ஒரகடத்தில் 2010-இல் தொடங்கிய ரெனோ - நிசான் ஆலையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆனால் முழுமையாகப் பூட்டப்பட்ட வண்டியைச் சூளையில் வைத்தால் இருக்கையும் ஒயரும் பிளாஸ்டிக்கும் உருகிவிடும். ஆகவே பட்டறை வண்ணம், குறைந்த வெப்பத்தில் தானாகவே இறுகுவதாக இருக்க வேண்டும். இதற்காக வந்தவைதான் 'ஹார்ட்னர்' கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் வண்ணங்கள். இவற்றின் விலை மிகுதி. ஆயுளும் பளபளப்பும் மிகுதி.

இதற்கு மேல் நிறத்தின் விலை. வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு வேண்டும். அதன் மூலப்பொருளான இல்மனைட் நம் தென்கோடியில், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. அந்தக் கடற்கரைத் தொடரின் மணலை நம்பித்தான் 1946-இல் திருவாங்கூர் டைட்டானியம் ஆலை நிறுவப்பட்டது. தரமான சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வேண்டிய கரிமச் சாயங்கள் வெள்ளையைக் காட்டிலும் விலை கூடியவை. மலிவான மஞ்சள் வேண்டுமென்றால் ஈயக் குரோமேட்டு இருக்கிறது. வீட்டு வண்ணங்களில் ஈயத்தை 90 பி.பி.எம்.முக்குள் அடக்கும் விதிகளை 2016-இல் அரசு வெளியிட்டது. அவ்விதிகள் வீட்டு, அலங்கார வண்ணங்களுக்கு மட்டுமே உரியவை என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

சங்கீத கலாநிதியின் தீர்ப்பு

இனிச் சட்டத்துக்கு வருவோம். இதுவும் மதராசிலிருந்தே தொடங்குகிறது.

இந்தியாவில் பொது விற்பனை வரியை முதன்முதலில் கொண்டுவந்தது மதராஸ் மாகாணம். ஆண்டு 1939, பிரதமர் ராஜாஜி. மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட வந்த வரி அது. விற்பனை என்றால் பொருள் கை மாறவேண்டும். அப்படியானால், ஒருவர் உங்கள் வீட்டைக் கட்டித் தந்தால், அல்லது உங்கள் வண்டிக்கு வண்ணம் பூசித் தந்தால், அவர் உங்களுக்குச் செங்கல்லையும் வண்ணத்தையும் 'விற்றார்' என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றது மதராஸ் அரசு. 1947-இல் சட்டத்தைத் திருத்தி, வேலை ஒப்பந்தங்களில் பயன்படும் பொருளுக்கும் வரி விதித்தது. மொத்தத் தொகையில் உழைப்புக்கென்று இவ்வளவு கழிக்கலாம் என்று உச்சவரம்பும் வகுத்தது: கட்டட வேலைக்கு 30 விழுக்காடு, கடிகாரம் பழுது பார்ப்பதற்கும் சாயம் தோய்ப்பதற்கும் 50 விழுக்காடு. எஞ்சியதெல்லாம் பொருள்!

கானன் டங்கர்லி என்ற கட்டட நிறுவனம் இதை எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1958 ஏப்ரல் 1-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி டி.எல். வெங்கடராம அய்யர். இலக்கிய, இசை அன்பர்களுக்கு இப்பெயர் அந்நியமாக இராது: முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் ஆழ்ந்த புலமை பெற்று, 1944-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற அதே வெங்கடராம அய்யர்தான். பகுக்க இயலாத ஒரே ஒப்பந்தமாக நடக்கும் வேலையில், பொருளின் விற்பனை என்று தனியாக ஒன்று இல்லை என்று அவர் தீர்ப்பளித்தார். வேலை நடக்க நடக்கப் பொருள் கட்டடத்தின் அங்கமாகி உரியவருக்குச் சேருகிறது. கட்டியவர் அதை எந்தத் தருணத்திலும் தனிப் பொருளாக விற்கவில்லை. இந்த நியாயத்தை வண்டிக்குப் பொருத்திப் பார்த்தால், பூசி முடித்த வண்ணத்தைக் கதவிலிருந்து உரித்தெடுத்து இவ்வளவு பொருள், இவ்வளவு உழைப்பு என்று பிரிப்பது எப்படி?

நியாயம் தெளிவுதான், ஆனால் நடைமுறையில் எல்லைக்கோடு நூலிழையாக இருந்தது. வாடிக்கையாளர் தந்த சேசிஸின் மேல் பேருந்துக் கூடு கட்டித் தந்தால் அது விற்பனை என்று 1965-இல் பட்நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரயில்வே தந்த அடிச்சட்டத்தின் மேல் பெட்டி கட்டித் தந்தால் அது விற்பனையன்று, வேலை ஒப்பந்தம் என்று கைலாஷ் இன்ஜினியரிங் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்த வாசகங்களில் இருந்த வேறுபாடே காரணம்.

மாநிலங்கள் இழந்த வருவாயை மீட்க, 1982-இல் அரசியலமைப்பின் 46-ஆம் திருத்தம் வந்தது. வேலை ஒப்பந்தத்தில் கை மாறும் பொருளை விற்பனையாகக் கருதலாம் என்று அது அனுமதித்தது. ஆனால் எவ்வளவைப் பொருள் என்று கொள்வது? 1992-இல் மறுபடியும் ஒரு கானன் டங்கர்லி வழக்கு, இம்முறை ராஜஸ்தான் அரசோடு. உழைப்பின் கூலியைக் கழிக்க வேண்டும். அதோடு, வேலையின்போது தீர்ந்துபோய், உரிமை கை மாறாத நீர், மின்சாரம், எரிபொருள் போன்றவற்றின் விலையையும் கழிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது.

இந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு நம் பெயிண்டரின் மேசையைப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். காற்றில் கரைந்த தின்னர் யாருக்குக் கை மாறியது? தேய்ந்துபோன வாட்டர் பேப்பர், கிழித்து எறிந்த மாஸ்கிங் டேப், சுற்றி ஒட்டிய பழைய செய்தித்தாள் இவையெல்லாம் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தனவா? கடை ரசீதில் இவை அனைத்தும் பொருள். வண்டியிலோ இவற்றில் எதுவும் இல்லை.

2017 ஜூலை 1-இல் சரக்கு - சேவை வரி வந்தபோது (சாலைக்கு இருந்த ஜி.எஸ்.டி. என்ற பெயர் வரிக்கும் வாய்த்தது!) இந்தப் பழைய பூசல் ஒருவாறு அடங்கியது. வண்ணங்களுக்கு முதலில் 28 விழுக்காடு. 2018 ஜூலை 27 முதல் 18. பழுதுபார்க்கும் சேவைக்கும் 18. இரண்டும் ஒன்றாகிவிட்டதால், பொருளையும் உழைப்பையும் பிரித்து வரி அதிகாரியோடு வாதிடவேண்டிய தேவை பெருமளவு குறைந்தது.

காப்பீட்டாரின் கால் பங்கு

ஆனால் கணக்கு இறந்துவிடவில்லை. காப்பீட்டு ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் அது உயிரோடு இருக்கிறது. நம் நாட்டு மோட்டார் காப்பீட்டின் பொதுவான வாசகத்தைப் படித்தால் இப்படி ஒரு விதி கண்ணில் படும்: வண்ணம் பூசும் செலவில், பொருளின் விலைக்கு மட்டும் 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும், பொருளையும் கூலியையும் பிரிக்காமல் ஒரே தொகையாகப் பட்டியல் கொடுத்தால், மொத்தத்தில் 25 விழுக்காடு பொருள் என்று கொள்ளப்படும்.

உலோக பாகங்களுக்குத் தேய்மானம் வண்டியின் வயதைப் பொறுத்தது; ஆறு மாதத்துக்கு உட்பட்ட வண்டிக்குத் தேய்மானமே இல்லை. வண்ணத்துக்கோ வயது கிடையாது. நேற்று வாங்கிய வண்டியானாலும் வண்ணம் பாதி தேய்ந்ததாகவே கருதப்படும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு எடுத்தவர்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு.

வரியையும் கட்டாயக் கழிவுத் தொகையையும் ஒதுக்கிவைத்து, எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். மொத்தப் பட்டியல் 20,000 ரூபாய். ஒரே தொகையாக எழுதினால் பொருள் 5,000. அதில் பாதி 2,500 உரிமையாளர் தலையில். அதே வேலைக்குப் பொருள் 11,000, கூலி 9,000 என்று பிரித்து எழுதினால், உரிமையாளர் தரவேண்டியது 5,500. கூடுதல் 3,000. விவரமாக எழுதிய பட்டியல், விவரமில்லாத பட்டியலைவிட உரிமையாளருக்குச் செலவு வைக்கிறது. மொத்தமாக ஒரு தொகை எழுதும் பழக்கமுள்ள சிறு பட்டறைக்காரரை நாம் ஒழுங்கற்றவர் என்று நினைக்கலாம். அவருடைய அந்தப் பழக்கமே இந்த இடத்தில் வாடிக்கையாளரைக் காப்பாற்றுகிறது.

இப்போது இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1947-இன் மதராஸ் அரசுக்குக் கட்டட வேலையில் உழைப்பு 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது. பொருள் 70 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. இன்றைய காப்பீட்டு வாசகத்துக்கு வண்ண வேலையில் பொருள் 25, எஞ்சியது 75. வேலைகள் வேறு என்பது உண்மையே. எனினும் இரண்டுமே ஒருவரும் அளந்து பார்த்துச் சொன்ன உண்மைகள் அல்ல, பூசலைத் தவிர்க்க மேசையில் அமர்ந்து வகுத்த வசதிகள். நிர்வாகத்துக்கு அப்படியொரு எண் தேவைதான். அதை நாம் குறைகூறவில்லை.

கூறவேண்டியது வேறொன்று உண்டு. காகிதத்தில் முக்கால் பங்கு உழைப்புக்கு என்று எழுதியிருக்கிறதே, அந்த முக்கால் பங்கு தெளிப்பானைப் பிடித்தவரின் கைக்கா போகிறது? கொட்டகை வாடகை, மின்சாரம், கம்ப்ரசர், முதலாளியின் இலாபம் எல்லாம் 'கூலி' என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் அடங்குகின்றன. பெயிண்டருக்கு நாட்கூலி. வண்டிக்குப் போகாமல் காற்றில் போன வண்ணத்தில் அவர் சுவாசித்த பங்கு எந்தப் பட்டியலிலும் இல்லை. ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட்டுகள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. உலகின் பல நாடுகளில் தூய காற்றை வெளியிலிருந்து செலுத்தும் முகமூடியோடுதான் அவற்றைத் தெளிக்கிறார்கள். நாம் பார்த்த கொட்டகையில் முகமூடி என்பது மூக்கைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டை. அழுத்தம் குறைந்த எச்.வி.எல்.பி. வகைத் தெளிப்பான், தெளிப்பதில் மூன்றில் இரண்டு பங்கைத் தகட்டிலேயே சேர்க்கும். பொருளும் மிச்சம், மூச்சும் மிச்சம். அதற்கும் தக்க முகமூடிக்கும் ஆகும் செலவைப் பொருளில் சேர்ப்பதா, உழைப்பில் சேர்ப்பதா என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆகவே அது எதிலும் சேர்வதில்லை.

நாம் போயிருந்த நாளில் அந்தக் கொட்டகையில் ஒரு ஹெரால்டு நின்றிருந்தது. பெருங்களத்தூர்த் தொழிற்சாலையின் வாயிலைக் கடந்து வெளியே போன வண்டி, அரை நூற்றாண்டுக்குப் பின் அதே ஊருக்கு வண்ணத்துக்காக வந்திருந்தது. பட்டி போட்டுத் தேய்த்த இடங்களில் பழைய பூச்சுகள் வளையம் வளையமாகத் தெரிந்தன: மேலே வெள்ளை, அதன் கீழ் ஒரு சிவப்பு, அதற்கும் கீழே தொழிற்சாலையில் பூசியதாக இருக்கக்கூடிய ஓர் இளநீலம். பெயிண்டர் அந்த நீலத்தை விரலால் தடவிக் காட்டி, "இது ஒரிஜினல் சார்" என்றார். பிறகு கைக்குட்டையை மூக்கின்மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, கம்ப்ரசரைப் போட்டார். நாம் வெளியே வந்து நின்றுகொண்டோம்.